அடக்கம் வந்துவிட்டது என்றார்கள்

அவள் சிரித்தால் முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு அடி விழும். முதுகோ தொடையோ தோளோ, எது கைக்கு எட்டுகிறதோ அதில் பட்டென்று ஒன்று வைத்துவிட்டுத்தான் சிரிக்கவே ஆரம்பிப்பாள். நான் வாங்கிய முதல் அடி, அவளை எடை மெஷின் மேல் ஏற்றி நிறுத்திய அன்று. தலைப்பிள்ளை வயிற்றில், நாலாவது மாதம்.

"நாப்பத்தெட்டு" என்றேன்.

"அதுல சோறு எவ்ளோ, எங்க மாமியா ஏசுனது எவ்ளோன்னு பிரிச்சுக் காட்டுமா நர்ஸக்கா இந்த மிஷினு?"

என் தோளில் ஓர் அடி. கையிலிருந்த பதிவேடு கீழே விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது. நர்ஸ் என்ற பந்தாவுக்காக அடக்கிக்கொண்டு, "இறங்கு, இறங்கு" என்று அதட்டினேன்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய நாலு தெருக்களுக்கு அப்போது நான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளுக்கு அட்டை போடுவதும், புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடுவதும், பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதுவதும் என் வேலை. அவள் பெயரை என் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதவில்லை. அவளுடைய மாமியாரும் புருஷன் வீட்டு ஆட்களும் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே மலையும் வயலும் பார்த்து வளர்ந்தவளுக்கு உப்பளம் புதிது. முதல் வாரம் கால் வெடித்து ரத்தம் வந்ததாம். இரண்டாவது வாரத்திலேயே மேஸ்திரியைப் போல நடந்து காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை துண்டில், தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு வரப்பு மேல் அவள் நடந்தால், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். மேஸ்திரியே ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "என் நடை அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்று கேட்டாராம்.

மாமியாருக்கு மட்டும் அந்தச் சிரிப்பு ஆகாது. "பொம்பளையா லட்சணமா வாய மூடிச் சிரிக்கத் தெரியுதா பாருங்க நர்ஸம்மா. இவ சிரிச்சா ரோட்டுல போற பஸ்ஸு நிக்குது."

"நின்னா ஏறிக்கலாம் இல்ல அத்த" என்றாள் இவள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் போய் அவரும் சிரித்ததை நான் பார்த்தேன்.

மூத்தது பெண். சுகப்பிரசவம், சிரமமில்லை. மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன்தான் அவளைப் படுத்திவிட்டான். ஒன்றரை நாள் வலி. நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எங்கள் பக்கத்தில் அவ்வளவு எடையில் பிள்ளை பிறப்பது அபூர்வம். ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறவன். லாரியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். நானும் ஒன்று வாங்கித் தின்றுவிட்டு, அட்டையில் குழந்தையின் எடையை எழுதி அடியில் கோடு போட்டேன். அவளுக்கு எத்தனை தையல் போட்டார்கள் என்று கேட்டு எழுத அட்டையில் இடம் இல்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஒரே நாளில் நடந்ததல்ல என்பதால் யாரும் கவனிக்கவில்லை. யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் உதட்டைக் கடித்துக்கொள்வாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். முன்பெல்லாம் என் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டு உட்காருகிறவள், இப்போது பெஞ்சு காலியாக இருந்தாலும் சுவரோரம் நிற்பாள். "உக்காரேன்" என்றால், "பரவால்லக்கா, நின்னுக்குறேன்" என்பாள். கல்யாண வீடு, காதுகுத்து எங்கேயும் போவதில்லை.

"ரெண்டு புள்ள ஆனதும் பொண்ணுக்கு அடக்கம் வந்துடுச்சு நர்ஸம்மா" என்றார் மாமியார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. தெருவே அதைச் சொன்னது. நானும் சொன்னேன். என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸிடம், "அந்த வாயாடி இப்ப எவ்ளோ பதவிசா ஆயிட்டா தெரியுமா, அம்மாவானா எல்லாம் சரியாயிடுது" என்று மெச்சிக்கொண்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவள் என்னிடம் கேட்டாள். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பிரசவமாகி நாற்பத்திரண்டாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் கணக்கு. போனேன். குழந்தை பால் குடிக்கிறானா, தொப்புள் காய்ந்துவிட்டதா, மலம் எப்படிப் போகிறது, எடை ஏறுகிறதா, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குத் தேதி சொன்னேன். மாமியார் அந்தப் பக்கம் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து, பையனுக்குச் சட்டை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, இருமுனா, தும்முனா, ஏதாச்சும் தூக்குனா ஒண்ணுக்கு வந்துடுது. சில நேரம் எனக்கே தெரியாம. எல்லாருக்குமா இப்படி இருக்கும்?"

"புள்ள பெத்தா அப்படித்தாம்மா இருக்கும். போகப் போக சரியாயிடும்" என்றேன். பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். என் சின்னவன் பிறந்ததிலிருந்து எனக்கும் அது இருந்தது. அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது, சரியாகவில்லை. கைப்பையில் எப்போதும் மாற்றுத் துணி வைத்திருப்பேன். என் அம்மாவிடம் ஒருமுறை சொன்னபோது அவர் சொன்ன பதில்தான் நான் அவளுக்குச் சொன்னது. அடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கும். அவளை அனுப்பினால் நானும் போக வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது மாதமே அவள் உப்பளத்துக்குத் திரும்பிவிட்டாள். புருஷன் நன்றாகச் சம்பாதித்த காலம் அது. யாரும் போகச் சொல்லவில்லை. மாமியாரே, "பச்ச ஒடம்புடி, கொஞ்ச நாளு இரு" என்று தடுத்தார். கேட்கவில்லை. கூடை கூடையாக உப்புத் தூக்கினாள். வெயில் ஏறிய பிறகும் வீட்டுக்கு வரமாட்டாள். வேலை மேல் இவ்வளவு வெறியா என்று பேசிக்கொண்டார்கள்.

பையனுக்கு இரண்டு வயதானபோது எங்கள் தெரு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியானது. பத்தாவது முடித்தவள், குழந்தைகளென்றால் உயிர். நானே அலைந்து திரிந்து விண்ணப்பப் பாரம் வாங்கி, பூர்த்தி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"வேணாம்க்கா."

"ஏன்டி? வெயில்ல கருகுற வேலையா இது? நெழல்ல உக்காந்து பார்க்குற வேலை."

"எனக்கு அளமே போதும்க்கா."

"பைத்தியமா உனக்கு? எத்தன பேரு இதுக்கு அலையுறாங்க தெரியுமா?"

பாரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அதை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். "நல்லது சொன்னா ஏறாது, இவளெல்லாம் உப்புலயே கெடக்கட்டும்" என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு வெகுநாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள்தான் எதிரே பார்த்தால், "சாப்பிட்டீங்களாக்கா" என்று கேட்பாள்.

ஒரு மே மாதம் பாத்தியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு கொதித்தது. நீர்க்கடுப்பு, சிறுநீரில் தொற்று. அவளோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சொன்னாள்: "இவ தண்ணியே குடிக்கறதில்ல நர்ஸம்மா. வாயில ஊத்தி கொப்புளிச்சுத் துப்பிடுவா. கேட்டா தாகமில்லங்குறா."

நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நன்றாகத் திட்டினேன். "உப்புக்காத்துல நிக்குற. தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிடும், தெரியுதா? ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும்." தலையாட்டினாள். அந்தக் கோடையில் அதே மாத்திரையை இன்னும் இரண்டு முறை வாங்கிப் போனாள். அதன் பிறகும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. நான் ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டர் என்று சொன்னேன்.

மகள் ஆறாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள். நானும் போயிருந்தேன். வெளியே வரும்போது, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் இவள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மகள் மேக்கப்போடு ஓடிவந்தாள். அம்மாவை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எங்கம்மா வரலல்ல? எனக்குத் தெரியும். அவங்களுக்கு நான் ஆடுறதெல்லாம் புடிக்காது."

அங்கேதான் நிற்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. போய்விட்டிருந்தாள்.

இதற்குள் எனக்கு என் வினை வந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அடுக்கடுக்காகத் தும்மல். நாற்காலி நனைந்துவிட்டது. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஹாலைப் பூட்ட வந்தவர், "இன்னும் முடியலீங்களா மேடம்?" என்று கேட்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம், பயிற்சி வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டுப் பதிந்துவிட்டு மகளிர் பிரிவு வராந்தாவுக்குத் திரும்பினால், சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள் அவள்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா! யாரையாச்சும் கூட்டியாந்தீங்களா?"

"ஆமாம்மா. சொந்தத்துல ஒருத்தங்கள."

"நான் எனக்குத்தான் வந்தேன்க்கா" என்றாள். மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். ஓலைத் தட்டிக்குப் பின்னால் இவள் ஒளித்துக் காயப்போடும் துணிகளைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஏதோ பெரிய நோய், செத்துப்போய்விடுவாள் என்று பயந்து டீச்சரிடம் போய் அழுதிருக்கிறாள். "எனக்கு மானமே போச்சுக்கா. அந்த டீச்சருதான் இங்க போங்கன்னு எழுதிக் குடுத்தாங்க."

அப்போது உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். சொந்தக்காரியை எங்கே என்று தேடுகிற மாதிரி படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன்.

"போங்கக்கா" என்றாள் மெதுவாக. "உங்களத்தான் கூப்புடுறாங்க." சுகாதார நிலையத்துப் பலகையில் என் பெயரை எத்தனை வருஷமாகப் பார்த்திருப்பாள்.

நான் திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டுவதுதான். "இத்தன வருஷம் ஏன் என்கிட்ட சொல்லல நீ?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டாள்.

"சொன்னேனேக்கா. பையன் பொறந்து நாப்பத்திரண்டாம் நாளு. புள்ள பெத்தா அப்படித்தான்னு சொன்னீங்க. நர்ஸே சொல்லிட்டாங்களே, அப்ப இது நோவு இல்ல, இனிமே நாம இப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிரித்தால் நனைந்துவிடும். அடுத்தவர் வீட்டுப் பாயிலோ நாற்காலியிலோ உட்கார பயம். அதனால்தான் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று குடிப்பதை நிறுத்திவிட்டாள். "அளத்துல எல்லார் பொடவையும் நனைஞ்சுதானேக்கா இருக்கும். அங்க மட்டும் எனக்கு பயமில்ல. நீங்க வாங்கியாந்த வேலையில பாய்ல உக்காந்து புள்ளைங்கள மடியில வச்சுக்கணும். நான் எப்படிக்கா வருவேன்?" புருஷன் பக்கத்தில் வந்தாலே நாற்றம் அடிக்குமோ என்று இவள் ஒதுங்கி ஒதுங்கிப் போக, தன்னை இவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான். இப்போதெல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் வருவதில்லை.

எனக்கு இடுப்பின் அடித் தசையை இறுக்கும் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் விடாமல் செய்தேன், ஏறக்குறைய குணமானது. அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பச்சை உடம்போடு தூக்கிய கூடைகளில் கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. திரும்பத் திரும்ப வந்த தொற்றில் ஒரு கிட்னி சுருங்கிப் போயிருந்தது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காதே, யாரும் சொல்லலையா?" என்று டாக்டரம்மா கேட்டபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியாமப் போச்சுங்க" என்றாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நனைவது நின்றது. கனம் தூக்கக்கூடாது என்றார்கள், உப்பளம் முடிந்தது. அங்கன்வாடியில் எப்போதோ வேறொருத்தி சேர்ந்திருந்தாள். திருப்பூரில் இருந்த அண்ணன், பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகளோடு வா என்று கூப்பிட்டான். புருஷன் போகாதே என்று சொல்வான் என்று நாலு நாள் பார்த்தாள். அவன் போனை எடுக்கவில்லை.

கிளம்பும் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மகள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, பைகளையெல்லாம் தானே தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் ஒரு கட்டைப்பையைக்கூடக் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் என்னைத் தனியாக அழைத்துப் போனாள். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நம் தெருவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றாள். பெயர்களைச் சொன்னாள்.

"அவங்க வாயத் தொறந்து சொல்லலக்கா. எனக்குத் தெரியும். அவங்க நிக்கறதப் பாத்தே தெரியும். நான் சொன்னேன்னு சொல்லாம போய்ப் பாருங்க."

பஸ் வந்தது. ஏறிப்போய் ஜன்னலோரம் மகளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாளே முதல் வீட்டுக்குப் போனேன். சின்ன வயதுப் பெண். ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "புள்ள நல்லாருக்கான் நர்ஸம்மா. ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று அட்டையை எடுக்கத் திரும்பினாள்.

"அட்டை வேணாம். நீ எப்படி இருக்கே?"

"எனக்கு என்னா? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"எனக்கு இருந்துச்சும்மா" என்றேன். அம்மாவையும் டாக்டரையும் தவிர, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அதைச் சொன்னேன். தும்முவது, இருமுவது, கைப்பையில் துணி, எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொல்லி முடித்தேன். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தார். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"எத்தன வருஷமா?"

"பதிமூணு வருஷம்."

"நர்ஸா இருந்துமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் கேட்கவில்லை.